ஏற்கெனவே சொன்னவர்களுக்கான பொத்தான்

“முழங்கால் வரைக்கும் தொழிலாளர் நல ஆபீஸ்ல போச்சு. இடுப்பு ஆஸ்பத்திரிப் பதிவுல. இந்த இடது தோள் மட்டும் இங்கதான், உங்க மேசைலதான், போன தடவை.”

“என் தலைல கட்டாதீங்க. கேள்வியை நானா எழுதினேன்? எழுதி வச்சதைப் படிச்சேன், அவ்வளவுதான்.”

“உங்களைக் குத்தம் சொல்லலம்மா. அந்தப் பொண்ணு கேட்டுச்சு, அதான் வரிசையாச் சொல்றேன்.”

அந்தப் பொண்ணு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, நோட்டுப் புத்தகத்தில் முழங்கால், இடுப்பு, தோள் என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டாள். மூட்டுவலி என்று நினைத்துக்கொண்டு, ‘நிற்க முடியாதவர்களுக்குத் திரையின் முன் ஒரு இருக்கை தேவை’ என்று ஓரத்தில் குறித்தும் வைத்தாள். சொன்னவர் ஒரு தையல்காரர். கடையும் வீடும் போய் நான்கு வருடமாகிறது. மேசைக்குப் பின்னால் இருந்தவர் அந்தக் காப்பகத்தின் சேர்க்கைப் பதிவைப் பதினோரு வருடமாகப் பார்த்துவந்த பெண்மணி. எல்லோருக்கும் அவர் மேசையக்கா. வீடில்லாதவர்கள் வந்து தங்கும் அந்தக் காப்பகத்தில், கேட்ட கேள்விகளுக்கு உண்மையான பதிலைச் சொல்பவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தார்கள். பொய் சொன்னவர்களுக்கு எதுவும் ஆகவில்லை. துணிமணி மறைவதில்லை என்பதால் வெளியே இருப்பவர்களுக்கு இது தெரியாது. தையல்காரர் தனக்குத்தானே தைத்துக்கொண்ட முழுக்கால் சட்டையும் நீளமான காலுறையும் நடந்து வரும். உள்ளே கால் இல்லை என்று யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்? போன காலை வைத்து நடக்க முடியும், ஆனால் தரை இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. அதனால் படியிறங்கும்போது மட்டும் அவர் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொள்வார்.

காப்பகம் முன்பு ஒரு நீச்சல்குளமாக இருந்தது. அடியில் விரிசல் விட்டுத் தண்ணீர் நிற்காமல் போனதும், குளத்துக்குள்ளேயே ஆண்களுக்கு வரிசையாகக் கட்டில்கள் போட்டார்கள். பார்வையாளர் மாடத்தில் பெண்களுக்கு. மொத்தம் அறுபத்திரண்டு படுக்கை. தரை சரிவாக இருந்ததால் ஆழமான பக்கத்துக் கட்டில்களின் கால்மாட்டில் இரண்டிரண்டு செங்கல் வைத்திருந்தார்கள். ஆழத்தில் ஒருவர் இருமினால் மாடத்தில் மூன்று தடவை கேட்கும். கதவு மாலை நான்கு மணிக்குத் திறக்கும், பதிவு ஆறரைக்கு முடியும். ஒருவரிடம் நாற்பத்துமூன்று கேள்வி கேட்டு எழுத இருபத்துமூன்று நிமிடம். ஒரு மாலையில் ஆறு பேரைப் பதிவு செய்யலாம், மேசையக்காவுக்குத் தொண்டை சரியாக இருந்தால் ஏழு. வரிசையில் பதினைந்து பேர் நிற்பார்கள். ஆக, உள்ளே படுக்கை காலியாகக் கிடக்க, மீதி எட்டு ஒன்பது பேர் வந்த வழியே திரும்பிப் போவார்கள். உள்ளே வந்தவர்களில் பலர் சில நாளில் கிளம்பிவிடுவார்கள், தங்குபவருக்கும் தொண்ணூறு நாள்தான். அதற்குப் பிறகு மறுபடி முதலிலிருந்து நாற்பத்துமூன்று கேள்வி. போன குளிர்காலத்தில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் மூன்றாவது முறையாகப் பதிவுக்கு உட்கார்ந்தார். முப்பத்தொன்பதாவது கேள்விக்குப் பதில் சொல்லி முடித்தபோது நாற்காலியில் அவருடைய மேல்கோட்டு மட்டும் இருந்தது. மேசையக்கா மிச்ச நான்குக்கும் ‘பதில் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, கோட்டை மடித்து அலமாரியில் வைத்தார். ஆண்டறிக்கையில் நிர்வாகி அதை ‘பதிவின்போது ஏற்படும் தேய்மானம், வழக்கமான அளவு’ என்று ஒரு வரியில் குறிப்பிட்டிருந்தார்.

இருபத்துமூன்று நிமிடத்தை ஒன்பதாகக் குறைக்க ஒரு தொடுதிரை மெஷின் வேண்டும், வருபவர்கள் தாங்களே தொட்டுத் தொட்டுப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று நிர்வாகி முடிவு செய்தபோதுதான் அந்தப் பெண் வந்தாள். அதற்கு முன் திரையரங்குச் சீட்டுக்கும் ஆஸ்பத்திரி டோக்கனுக்கும் மெஷின் வடிவமைத்தவள். கெட்டிக்காரி, அதேசமயம் தன் வேலையைத் தவிர வேறெதையும் பார்க்காத கண். “இந்தப் பட்டன் கைக்கு எட்டுதா? இந்தப் பட்டன் கண்ணுக்குத் தெரியுதா?” என்று பார்க்கிறவர்களையெல்லாம் கேட்டதில், ஒரே வாரத்தில் அவளுக்குப் பட்டன் என்றே பெயர் நிலைத்துவிட்டது. குளிர்பதனப் பெட்டி வந்த அட்டைப் பெட்டியை நிமிர்த்தி வைத்து, முன்பக்கம் சதுரமாக வெட்டி, அந்த ஓட்டைக்குள் ஒவ்வொரு கேள்வியாகத் தாளில் எழுதிப் பின்னாலிருந்து தானே நகர்த்தி, நிஜ மெஷின் போல அதை ஓட்டிப் பார்த்தாள். தொட்டுப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது. மற்றவர்கள் கேலி செய்துவிட்டுப் போய்விட, தையல்காரர் மட்டும் பொறுமையாக முன்னால் வந்து உட்கார்ந்தார்.

“நிஜமான பதிலே சொல்லுங்க சார். அப்பதான் எவ்வளவு நேரம் ஆகுதுன்னு சரியாத் தெரியும்” என்றாள் பட்டன்.

“எனக்குத் தப்பாச் சொல்ல வராது. ஒரு அங்குலம் மாத்திச் சொன்னா சட்டையே வீணாப் போயிடும். தொழில் பழக்கம்” என்றார் அவர்.

ஐந்து முறை ஓட்டினார்கள். பொத்தானை வலப்பக்கம் வைத்து ஒரு முறை, இடப்பக்கம் ஒரு முறை, எழுத்தைப் பெரிதாக்கி, நிறத்தை மாற்றி, கடைசியில் கேள்விகளின் வரிசையை மாற்றி. ஐந்து முறையும் அவர் நாற்பத்துமூன்று கேள்விக்கும் உண்மையைச் சொன்னார். பட்டன் கடிகாரத்தையும் அவருடைய வலது ஆள்காட்டி விரலையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தாவது முறை ஒன்பதே கால் நிமிடத்தில் முடிந்தது. சந்தோஷத்தில் அவள் அட்டைப் பெட்டியைக் கட்டிக்கொண்டாள். அவள் நோட்டை மூடும்வரை காத்திருந்து மேசையக்கா பக்கத்தில் வந்தார்.

“ஏம்மா, பட்டன் எங்க இருக்கணும்னு அஞ்சு தடவை பார்த்தியே. அந்த மனுஷனோட இடது கை எங்கன்னு ஒரு தடவை பார்த்தியா?”

சட்டைக் கைமடிப்பு முழங்கை உயரத்தில் காற்றில் நின்றது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. தையல்காரர் சங்கடப்பட்டு அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். “பரவால்லம்மா, ஊசி பிடிக்கிறது வலது கைதானே” என்றார்.

இப்படியெல்லாம் நடக்கும் என்று படித்தவர்கள் சுலபத்தில் நம்பிவிட மாட்டார்கள். பட்டன் அன்று மாலை வீட்டுக்குப் போய், தானும் தங்கையும் குடியிருக்கும் மூன்றாம் மாடி வீட்டின் சமையலறை மேசையில் படிவத்தை விரித்து, தன்னைப் பற்றித் தானே நிரப்பினாள். ஆபத்துக்கு அழைக்க வேண்டியவர் என்ற இடத்தில் தங்கை பெயரை எழுதினாள். கடைசியாக நிம்மதியாகத் தூங்கிய இடம் எது என்ற முப்பத்தொன்றாவது கேள்விக்கு, ஏழாம் வகுப்பில் பள்ளி நூலகத்து மேசை என்று எழுதினாள். அதைப் பற்றி அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எழுதி முடித்து, மடித்து, கையுறைகள் இருக்கும் இழுப்பறைக்குள் போட்டுவிட்டுத் தூங்கிப்போனாள். தங்கைக்கு முடிதிருத்தும் கடையில் வேலை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, வழக்கம்போல அக்காவை ஸ்டூலில் உட்காரவைத்துப் பழைய துண்டைக் கழுத்தில் சுற்றிக் கத்தரிக்க ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள்.

“அக்கா, இந்தப் பக்கம் காதைக் காணோம்.”

“முடிக்குள்ள இருக்கும், பாருடி.”

“முடியைத்தான் வெட்டிட்டேனே. தோடு இருக்கு. காதுதான் இல்ல.”

பட்டன் கண்ணாடியில் நெடுநேரம் பார்த்தாள். பிறகு இழுப்பறையிலிருந்து தாளை எடுத்துத் தங்கையின் கையில் கொடுத்தாள். எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை. தன் குற்றத்துக்குச் சாட்சியாக இருக்கட்டும் என்று கொடுத்திருக்கலாம். தங்கை கத்தரிக்கோலை இடுப்பில் செருகிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தாள். முப்பத்தொன்றுக்கு வந்ததும், “அதானா நீ எப்பவும் புத்தகத்து மேலயே சாய்ஞ்சு தூங்குற” என்றாள். அதைச் சொல்லும்போதே காது வந்துவிட்டது. இரண்டு பேரும் தொட்டுப் பார்த்தார்கள். கொஞ்சம் சூடாக இருந்தது, அவ்வளவுதான். தங்கை மிச்ச முடியை வெட்டி முடித்தாள். அன்று பிற்பகல் பட்டன் தையல்காரரின் ஐந்து சோதனைத் தாள்களையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவற்றில் அவள் அதுவரை படித்திருந்தது மேல்மூலையில் எழுதிய நிமிடக் கணக்கை மட்டுமே. இப்போது ஐந்தையும் கடைசி வரி வரை படித்தாள். ஐந்திலும் ஒரு எழுத்துகூட மாறவில்லை. திங்கட்கிழமை காப்பகத்துக்குப் போனபோது தையல்காரர் இரண்டு கையாலும் ஒரு போர்வைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார்.

விஷயம் புரிந்துவிட்டது, ஆனால் புரிந்ததோடு வேலை முடியவில்லை. தையல்காரரின் தொண்ணூறாவது நாளுக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது. அவரிடம் மிச்சம் இருந்தது தலை, நெஞ்சு, வலது தோள், இரண்டு கை. இன்னொரு முறை நாற்பத்துமூன்றையும் சொன்னால் எது போகும் என்று மேசையக்காவுக்குத் தெரியும். தபால்காரரும் கடைசியாக நெஞ்சில்தான் போனார். சொல்லாவிட்டால் படுக்கை கிடையாது, வெளியே குளிர். பட்டன் நிர்வாகியிடம் போய்க் கேள்விகளைக் குறைக்கச் சொன்னாள். நிர்வாகி கெட்டவர் இல்லை. மேசைமேல் இருந்த தாள்களுக்கு நடுவே முகம் மட்டும் தெரிய உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு கேள்வியும் ஒவ்வொரு அலுவலகம் கேட்டது, ஒன்றை எடுக்க வேண்டுமானால் அந்த அலுவலகத்துக்கு எழுத வேண்டும், பதில் வர நான்கு மாதமாகும் என்று பொறுமையாக விளக்கினார். அவள் யோசித்துவிட்டு, எதையும் எடுக்க வேண்டாம், ஒவ்வொரு கேள்விக்கும் கீழே ஒரு பச்சைப் பொத்தான் மட்டும் வைத்துக்கொள்கிறேன் என்றாள். ‘ஏற்கெனவே சொன்னேன்’ என்று அதில் எழுதியிருக்கும். அதைத் தொட்டால், அவர் முன்பு வேறெங்கோ சொன்ன பதில் தானாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

“கேள்வி நாப்பத்திமூணும் அப்படியே இருக்குமில்ல?”

“இருக்கும் சார்.”

“அப்ப எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல” என்று நிர்வாகி கையெழுத்துப் போட்டார்.

முன்பு சொன்னது மெஷினுக்குள் இருந்தால்தான் அது வந்து உட்காரும். தையல்காரர் எட்டு இடங்களில் சொல்லியிருந்தார். எட்டு இடத்துக் கோப்புகளும் நகரத்தின் இன்னொரு மூலையில், ஒரு பழைய கட்டடத்தின் நிலவறையில் இருந்தன. பட்டன் நிர்வாகியின் கடிதத்தோடு அங்கே போனாள். வெளியே மூச்சு புகையாக வரும் குளிரில், அந்த அறைக் காவலர் அரைக்கைச் சட்டையோடு உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். அங்கே கணப்பு எதுவும் இல்லை. அலமாரிகள்தான் சூடாக இருந்தன. ஒரு கோப்பை உருவினால், இப்போதுதான் எழுந்து போனவருடைய தலையணை போலக் கைக்கு வெதுவெதுப்பாக இருந்தது.

“இருபது வருஷமா இங்க இருக்கேன்மா. வைக்கத்தான் வருவாங்க. எடுக்கன்னு வந்த முதல் ஆள் நீதான். எங்க கையெழுத்து வாங்கணும்னு எனக்கே தெரியல” என்றார் காவலர். கடைசியில் வைப்பதற்கான பதிவேட்டிலேயே ஒரு வரியைத் தலைகீழாக எழுதி வாங்கிக்கொண்டார்.

அதன் பிறகு தினமும் காலையில், காப்பகம் காலியாக இருக்கும் நேரத்தில், பட்டனும் மேசையக்காவும் பார்வையாளர் மாடத்தில் இரண்டு கணினியை வைத்துக்கொண்டு தட்டச்சு செய்தார்கள். தையல்காரருக்கு மட்டும் உள்ளேயே இருக்க அனுமதி வாங்கியிருந்தது. அவர் கீழே குளத்தின் நடுவில் உட்கார்ந்து எல்லோருடைய கிழிசலையும் தைத்துக்கொண்டிருந்தார். முதல் கோப்பு தொழிலாளர் நல அலுவலகத்துடையது. பட்டன் அதில் பாதியைத் தாண்டியபோது கீழேயிருந்து குரல் வந்தது: “என்னம்மா, இந்தத் தரை இவ்வளவு சில்லுன்னு இருக்கு?” நான்கு வருடத்தில் அவர் தரையைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் முறை. மேசையக்கா அலமாரியிலிருந்து இன்னொரு ஜோடி காலுறையை எடுத்து மாடத்திலிருந்தே வீசினார். ஆஸ்பத்திரிக் கோப்பை மேசையக்கா எடுத்துக்கொண்டார். அவர் விரல் வேகம் பட்டனைவிட மூன்று மடங்கு. ஒரே காலையில் முடித்துவிட்டார், ஆனால் இடுப்பு வரவில்லை. என்ன செய்தீர்கள் என்று பட்டன் கேட்டதற்கு, கை அதுபாட்டுக்கு அடித்தது, மனது மருமகன் வேலையை விட்டதையே நினைத்துக்கொண்டிருந்தது என்று ஒத்துக்கொண்டார். எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து, உதட்டை அசைத்துப் படித்துப் படித்து அடித்தார். மூன்றாம் நாள் தையல்காரர் எழுந்து நின்று, இடுப்பில் கை வைத்து முதுகை வளைத்து, ஆ என்றார். அந்த வலி அவருக்கு மிகவும் பிடித்திருந்தது.

எட்டாவது கோப்பு அந்தக் காப்பகத்துடையது. மேசையக்காவின் கையெழுத்து. அதைத் தானே அடிப்பதாகச் சொல்லி வாங்கிக்கொண்டவர், முதல் பக்கத்திலேயே கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். “நானே கேட்டு நானே எழுதினது. இந்த ஆளுக்கு ஒரு மகள் இருந்தான்னு எனக்குத் தெரியாது பாரேன்” என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை படித்த பிறகுதான் அடித்தார். அது முடிய நான்கு நாளாயிற்று. இடது தோள் வரும்போது பயங்கரமாக அரித்தது என்று தையல்காரர் பிறகு சொன்னார். ஏன் அப்படிப் போகிறது, ஏன் வருகிறது என்பதற்கு மேசையக்காவிடம் ஒரு விளக்கம் இருந்தது. அதை யாரும் மறுக்கவில்லை. “சொன்னதை வாங்கிக்க எதிர்ல ஆள் இல்லன்னா, அது சும்மா நிக்குமா? போற வழியைப் பார்த்துக்கிட்டுப் போயிடும். சொன்ன ஆளையும் இழுத்துக்கிட்டுத்தான் போகும்.”

மெஷின் என்னவாயிற்று என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். அது பதினான்கு வருடம் ஓடியது. திரையை இரண்டு முறை மாற்றினார்கள், பச்சைப் பொத்தான் இருந்த இடத்தில் கண்ணாடி தேய்ந்து குழிந்திருந்தது. பதிவு ஐந்து நிமிடமாகச் சுருங்கியதால் வரிசையில் நின்ற எவரும் திரும்பிப் போக வேண்டியிருக்கவில்லை. கேள்வி கேட்கும் வேலை போனதால் மேசையக்காவை வேறு இடத்துக்கு மாற்றலாமா என்று ஒரு கடிதம் வந்தது. அவர் பொறுப்பை ‘படிப்பவர்’ என்று மாற்றி எழுதி நிர்வாகி பதில் அனுப்பினார். நிலவறைக் கோப்புகள் கட்டுக்கட்டாக வந்துகொண்டிருந்தன. அங்கே குளிர ஆரம்பித்ததும் காவலர் கம்பளிச் சட்டைக்கு விண்ணப்பித்தார். இரண்டாம் வருடம் மேசையக்கா தபால்காரரின் கோப்பைப் படித்து முடித்த மறுநாள் காலை, யாருக்கும் ஒதுக்காத ஐம்பத்தொன்றாம் படுக்கை கசங்கியிருந்தது. மேல்கோட்டைத் தேடிக்கொண்டு ஒருவர் குளத்துப் படியில் நின்றிருந்தார். அவருக்கு டீ கொடுத்தார்கள், போர்வைப் பட்டியலில் ஒன்று கூட்டினார்கள். ஆண்டறிக்கையில் தேய்மானம் என்ற வரிக்குக் கீழே ‘வரவு’ என்று ஒரு வரி சேர்ந்தது. அதை ஏனென்று மேலிடத்தில் எவரும் கேட்கவில்லை. அறிக்கையை யாராவது படித்தார்களா என்பதும் தெரியவில்லை.

ஆனால் தொண்ணூறாவது நாள் மாலை இது எதுவும் யாருக்கும் தெரியாது. நீல வர்ணம் அடித்த தகரப் பெட்டியாக மெஷின் அன்று காலைதான் வந்து இறங்கியிருந்தது. பழைய குளத்தின் சீட்டுக் கூண்டு இருந்த இடத்தில் அதை நிறுத்தி, மின்சாரம் கொடுத்து, முதல் ஆளாகத் தையல்காரரை அழைத்தார்கள். பின்னால் ஒன்பது பேர் நின்றார்கள். மணி ஆறு பத்து. முழுதாக வந்துவிட்ட ஆளை இந்தப் பெட்டி மறுபடி எடுத்துக்கொண்டுவிடுமோ என்று பட்டன் பயந்துகொண்டிருந்தாள். அட்டைப் பெட்டிச் சோதனையில் எதைப் பார்க்கத் தவறினாளோ அதைத் தவிர அவள் இப்போது வேறெதையும் பார்க்கவில்லை. கடிகாரம் பையில் கிடந்தது. மேசையக்கா அவருடைய சட்டை நுனியை, யாருக்கும் தெரியாமல், இரண்டு விரலால் பிடித்துக்கொண்டிருந்தார்.

முதல் கேள்வி வந்தது. தையல்காரர் பச்சைப் பொத்தானைத் தொட்டார். அவருடைய பழைய பதில் திரையில் வந்து உட்கார்ந்தது. மேசையக்கா குனிந்து காலைப் பார்த்தார். செருப்பில் ஐந்து விரலும் இருந்தன. இரண்டாவது, மூன்றாவது. பத்துக்கு மேல் போனதும் வரிசையில் நின்றவர்கள் மெதுவாக எண்ண ஆரம்பித்தார்கள். இருபதைத் தாண்டியபோது ஒருவர், “துணி அளக்கிற மாதிரி தொடுறாரே” என்றார், இரண்டு பேர் சிரித்தார்கள். முப்பத்தொன்பதில் மேசையக்கா சட்டை நுனியை முழுக்கையாலும் பிடித்துக்கொண்டார். அது வந்தது, போனது, தையல்காரர் இருந்தார். நாற்பது, நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. நாற்பத்துமூன்றாவது கேள்வி, ‘நீங்கள் கடைசியாக வாழ்ந்த வீட்டைப் பற்றிச் சொல்லுங்கள்’. இந்த முறை பொத்தானைத் தொட்ட பிறகு பதில் வர சற்றுத் தாமதமானது, நீளமான பதில் என்பதால். திரை முழுக்க எழுத்து நிறைந்தது. கீழே ‘முடிந்தது’ என்ற ஒரு பொத்தான் மட்டும் மிச்சம் இருந்தது. அதைத் தொட்டால் தொண்ணூறு நாள்.

தையல்காரரின் விரல் பாதி தூரம் போய் நின்றது. அவர் அந்த எழுத்துகளை மேலிருந்து கீழாக ஒரு முறை பார்த்தார். அது தன்னுடைய பதில்தான் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. எட்டு இடத்திலும் ஒரு அங்குலம் மாறாமல் சொன்னது. பிறகு ஒரு அடி பின்னால் நகர்ந்து, திரைக்கு முன்னால் இடம் விட்டு, பட்டனைப் பார்த்தார். வரிசையில் இருந்த ஒன்பது பேரும், மணியைப் பற்றி எதுவும் சொல்லாமல், கொஞ்சம் கிட்டே வந்து நின்றார்கள்.

“இதை எட்டு எடத்துல சொல்லியிருக்கேன்மா. நான் ஒரு தடவைகூட காதால கேட்டதில்ல. நீங்க கொஞ்சம் வாய்விட்டுப் படிக்கிறீங்களா? மெதுவா.”